சொல் விளக்கம்: மண் கழுவப்பட்ட பாறை

 

வாசகச் சகோதரி ஒருவர் ஒரு வினாவை எழுப்பியிருந்தார். திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமாகிய அல்-பகராவின் 264ஆம் வசனத்தில் ஒரு பாறை வருகிறது. அதன் இறுதி நிலையைச் சொல்லும்போது 'ஸல்த்' என்னும் அடைமொழி ஆளப்பட்டுள்ளது. ஒரு பயானில் அதற்கு 'வெறும் பாறை' என்று பொருள் சொன்னார்களாம். மற்றொரு பயானில் 'வழுவழுப்பான கடினக் கல்' என்றார்களாம். வெறுமை வேறு, வழுவழுப்பு வேறு, கடினம் வேறு அல்லவா, இவற்றில் எது சரி என்பது சகோதரியின் கேள்வி.

மூன்றுமே சரிதான். ஆயினும் இம்மூன்றையும் சேர்த்தால்கூட அச்சொல்லின் உயிர் நமக்கு அகப்படுவதில்லை. அதைத் தேடித்தான் இம்மாதம் புறப்படுகிறோம்.

ஸாத், லாம், தால் என்னும் மூன்றெழுத்துகளைக் கொண்டது இந்த வேர். திருமறையில் இவ்வேரிலிருந்து பிறந்த சொல் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. திருக்குர்ஆனின் சொற்களுக்கு அகராதி வகுத்த பழம்பெரும் அறிஞர் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ, தமது 'அல்-முஃப்ரதாத்' நூலில் இதனை விளக்கத் தொடங்கும்போது, எதுவும் முளைக்காத கடினமான கல் என்பதை முதலில் வைக்கிறார். பிறகு அவர் அடுக்கிச் செல்லும் எடுத்துக்காட்டுகள்தாம் வியப்பை அளிப்பவை. மயிர் முளைக்காத தலைக்கும் அரபியர் இச்சொல்லைச் சொல்வார்கள். பால் சுரப்பு குறைந்த ஒட்டகத்திற்கும், வியர்வை அரும்பாத குதிரைக்கும் இதே வேரிலிருந்து பிறந்த 'ஸலூத்' என்ற சொல் உண்டு.

அக்கால அரபியர் இரண்டு மரத்துண்டுகளை உரசித் தீ உண்டாக்குவர். எவ்வளவு உரசினாலும் ஓசை மட்டும் எழுந்து தீப்பொறி வராமல் போய்விட்டால், அந்தத் தீக்கோலையும் இவ்வேரின் வினைச்சொல்லாலேயே குறை கூறுவார்கள். பிற அகராதிகளைப் புரட்டினால் அடுப்படிக்குரிய பொருளும் ஒன்று கிடைக்கிறது. அடுப்பில் ஏற்றி நெடுநேரமாகியும் கொதி வராத பானைக்கும் 'ஸலூத்' என்றே பெயர். நோன்புக் காலத்தில் அஸருக்குப் பின் கஞ்சிப் பானையோடு போராடும் நம் தாய்மார்கள் இச்சொல்லை ஒரு பார்வையிலேயே விளங்கிக்கொள்வார்கள். கடைசியாக மனிதனிடம் வந்தால், கையை விட்டுக் காசு அகலாத கஞ்சனுக்கும் இந்த வேரையே அரபியர் பயன்படுத்தினர்.

கல், தலை, ஒட்டகம், குதிரை, தீக்கோல், பானை, கஞ்சன். எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்! இவற்றுக்கிடையே ஒற்றுமை என்ன? கடினம் என்று சொல்லிவிட முடியாது, குதிரை கடினமானதன்று. வழுவழுப்பு என்றும் சொல்ல இயலாது. கொதிக்காத பானைக்கும் வழுவழுப்புக்கும் தொடர்பில்லை. வெளிவர வேண்டிய ஒன்று வெளிவராமல் போவதே இவையனைத்தையும் இணைக்கும் கயிறு. தலையிலிருந்து மயிரும், மடியிலிருந்து பாலும், மேனியிலிருந்து வியர்வையும், கோலிலிருந்து தீயும், மனிதனிடமிருந்து கொடையும் வரவில்லை. கல்லிலிருந்து ஒரு புல்லும் வரவில்லை. கல்லின் கடினமும் வழுவழுப்பும் அதற்கான காரணங்கள் மட்டுமே.

நம் தமிழிலும் இதற்கு மிக நெருங்கிய ஒரு சொல் உண்டு. புல் பூண்டற்ற குன்றை 'மொட்டைப் பாறை' என்கிறோம். தலைக்குரிய 'மொட்டை'யைத் தமிழர் கல்லுக்குக் கொடுத்தார்கள். கல்லுக்குரிய 'ஸல்'தை அரபியர் தலைக்குக் கொடுத்தார்கள். இரு மொழிகளும் எதிரெதிர் திசைகளிலிருந்து நடந்து வந்து ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன. ஆகவே சகோதரியின் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை வேண்டுமாயின், 'மொட்டைப் பாறை' என்றே நான் பரிந்துரைப்பேன்.

இனி வசனத்திற்கு வருவோம். அதன் கருத்தை மட்டும் என் சொற்களில் தருகிறேன். மூலத்தை நீங்கள் ஒளூவுடன் எடுத்து ஓதிப் பாருங்கள். ஈமான் கொண்டோரை அழைத்து, நீங்கள் செய்த தர்மங்களைச் சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் பாழாக்கிவிடாதீர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். அப்படிச் செய்பவன், மக்கள் காண வேண்டுமென்று பொருளைச் செலவிடுகிறவனுக்கு ஒப்பாகிறான். அவனுக்கு உவமையாக ஒரு பாறை காட்டப்படுகிறது. பாறையின் மேல் மண் படிந்திருக்கிறது. பெருமழை பெய்கிறது. மழை ஓய்ந்து பார்த்தால் பாறை 'ஸல்'தாக நிற்கிறது. தாம் ஈட்டியவற்றிலிருந்து எதையும் அவர்களால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பாறை முதன்முதலில் அறிமுகமாகும்போது அதன் பெயர் 'ஸல்த்' அன்று, 'ஸஃப்வான்'. வழுவழுப்பான கல் என்பது அதன் பொருள். மழைக்குப் பின்னரே அது 'ஸல்த்' எனப்படுகிறது. கல் மாறவில்லை, மேலே கிடந்த மண்தான் அகன்றது. மண் கிடந்த வரையில் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு வயலாகத் தோன்றியிருக்கும். உழவன் ஒருவன் விதையைக்கூடத் தூவியிருக்கலாம். காற்று கொண்டுவந்து சேர்த்த ஒரு விரற்கடைப் புழுதிதான் அது என்பது மழை வரும்வரையில் யாருக்கும் தெரியாது.

(மகனுக்கு ஸஃப்வான் என்று பெயர் சூட்டியுள்ள பெற்றோர் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். ஸஃப்வான் இப்னு உமையா (ரலி) போன்ற நபித்தோழர்கள் தாங்கிய பெயர் அது. உறுதியின் பொருட்டு ஆண்மக்களுக்குக் கல்லின் பெயரை இடுவது அரபியர் வழக்கம். அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்களின் இயற்பெயரான 'ஸக்ர்' என்பதற்கும் பாறை என்றே பொருள். ஸஃப்வானின் வேரிலிருந்து வந்ததுதான் ஹாஜிகள் தொங்கோட்டம் ஓடும் ஸஃபா குன்றின் பெயரும். தூய்மையைக் குறிக்கும் 'ஸாஃபி'யும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எனப் பொருள்படும் 'முஸ்தஃபா'வும் அதே வேரின் கிளைகளே.)

மழையையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வசனத்தில் வரும் 'வாபில்' என்பது சாரலன்று, கொட்டித் தீர்க்கும் பெருமழை. ஹிஜாஸ் பகுதியில் மழை அரிது; வந்தால் வெள்ளமாக வரும். மக்கமா நகரைச் சூழ்ந்துள்ள மலைகள் பெரும்பாலும் மரமும் மண்ணுமற்ற பாறைகள். விழுந்த நீரை அவை குடிப்பதில்லை. அப்படியே பள்ளத்தாக்கில் இறக்கிவிடுகின்றன. 1941ஆம் ஆண்டு பெய்த பெருமழையில் ஹரம் ஷரீஃபுக்குள் வெள்ளம் புகுந்தது. நீரில் நீந்தியவாறு ஒருவர் இருக்க, பின்னால் கஃபா தெரியும் புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கக் கூடும். இந்த உவமையை முதன்முதலில் செவியுற்ற மக்கள், பாறைமேல் மழை என்றால் என்ன என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள்.

நம் ஊரில் எவ்வளவு சொன்னாலும் உறைக்காதவனை 'எருமை மேல் மழை பெய்தது போல' என்போம். எருமை அசையாது, மழைக்கு முன்னும் பின்னும் அது எருமையே. இந்தப் பாறையின் கதை அப்படியன்று. மழையில் இதற்கு ஓர் இழப்பு நேர்கிறது. தன்னிடம் இருந்ததாக உலகம் நம்பிய ஒன்றை அது இழந்து நிற்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். 'கல் நெஞ்சு' என்றதும் நம் நினைவுக்கு வருவது இதே அத்தியாயத்தின் 74ஆம் வசனம். அங்கே ஆளப்பட்ட சொல் 'கஸ்வத்' என்பதன் வழி வந்தது. இறுகிப்போதல் என்பது அதன் பொருள். அந்த வசனத்தில் கல்லுக்கு ஒரு கண்ணியம் கூட உண்டு. கற்களிலும் சில பிளந்து நீர் தருகின்றன, சிலவற்றிலிருந்து ஆறுகள் பாய்கின்றன, சில இறையச்சத்தால் உருண்டு விழுகின்றன, ஆனால் இந்த உள்ளங்களோ அவற்றினும் கடினமாகிவிட்டன என்னும் கருத்து அங்கே வருகிறது. 264ஆம் வசனத்தின் மனிதன் அத்தகைய கல்நெஞ்சன் அல்லன். அவன் இரக்கமற்றவனாகக் காட்டப்படவில்லை. அவன் கொடுக்கிறான்! பையைத் திறந்து, கையை நீட்டிக் கொடுத்துவிட்டவன் அவன்.

இங்கேதான் அச்சொல்லின் முழு வீச்சும் நம்மைத் தாக்குகிறது. கொடாதவனைக் குறிக்க அரபியர் கையாண்ட வேர் அது. பால் தராத ஒட்டகத்திற்கும் தீ தராத கோலுக்கும் உரிய சொல் அது. அந்தச் சொல்லை, கொடுத்தவனுக்குரிய உவமையில் கொண்டுவந்து வைக்கிறது இறைமறை. ஊரார் கணக்கில் இவன் வள்ளல். இருபது பேருக்குச் சேலையும் கைலியும் வழங்கியவன், குமருக்குத் திருமணம் முடித்து வைத்தவன். ஆனால் மழைக்குப் பின் பார்த்தால், வாழ்நாளில் ஒரு காசும் ஈயாத கஞ்சனும் இவனும் அருகருகே இரண்டு மொட்டைப் பாறைகளாக நிற்கிறார்கள். கஞ்சனுக்குக் காசாவது மிச்சம்.

கொடுத்ததைப் பாழாக்குவன என்று இரண்டு செயல்கள் அங்கே கூறப்படுகின்றன. ஒன்று 'மன்னு', மற்றொன்று 'அதா'. இவற்றை நம் பேச்சுத் தமிழ் எத்துணை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது தெரியுமா? முதலாவது 'சொல்லிக் காட்டுதல்'. இரண்டாவதன் கீழ் 'குத்திக் காட்டுதல்' வந்துவிடும். குத்திக் காட்டுபவனுக்குத் தான் குத்துகிறோம் என்பது தெரியும். சொல்லிக் காட்டுபவனுக்குப் பெரும்பாலும் தெரியாது. உண்மையைத்தானே சொன்னேன் என்பான். இல்லாததைச் சொல்லவில்லையே என்பான். நானும் அப்படிச் சொன்னவன்தான் என்பதால் இதை இத்துணை உறுதியாக எழுதுகிறேன்.

என் லாத்தாவின் கணவர் இளம் வயதிலேயே மவுத்தாகிவிட்டார். மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, 1987 முதல் 1990 வரை மூன்றாண்டுகளும் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் நான் ஏற்றுக்கொண்டேன். அப்போது என் நிய்யத்தில் குறையேதும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. லாத்தாவிடம் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. மருமகன் படித்து முடித்தான், வளைகுடா நாடு சென்றான், நன்றாகவே இருந்தான்.

1996ஆம் ஆண்டு விடுமுறையில் அவன் வந்திருந்தபோது உறவில் ஒரு வலீமா விருந்து. ஒரே ஸஹனைச் சுற்றி அவனும் நானும் வேறு மூவரும் அமர்ந்திருந்தோம். அவர்களில் ஒருவர் மருமகனின் உத்தியோகத்தைப் பற்றியும், தாய்க்கு வீடு கட்டிக் கொடுப்பதைப் பற்றியும் வாயாரப் புகழ்ந்தார். அந்தப் புகழில் எனக்கும் ஒரு பங்கு வர வேண்டும் என்று உள்ளே ஏதோ துடித்தது. "இவனுக்கு மூன்று வருஷம் பணம் கட்டியது யாரென்று கேளுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மற்றவர்களும் சிரித்தார்கள். மருமகன் தலை நிமிரவில்லை. "ஆமாம், மாமாதான்" என்றான். அதன்பின் அவன் கை ஸஹனுக்குள் வரவில்லை. இறைச்சித் துண்டுகளை என் பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து எழுந்தான்.

அவன் ஊர் திரும்பிய மறுமாதம், லாத்தாவின் இளைய மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே 11,400 ரூபாய். கூடவே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள். லாத்தா கொஞ்சம் தமிழ் எழுதுவார்கள். பெரிய பெரிய எழுத்துகள். நான் எந்த மாதம் எவ்வளவு கொடுத்தேன் என்பது வரிசையாக எழுதப்பட்டிருந்தது. கட்டணம், விடுதி, புத்தகம், வரைபடப் பலகை வாங்கிய வகையில் 180. ஒரு வரியில் 'பெருநாள் சட்டை 95' என்றிருந்தது. அந்தச் சட்டையை நான் அடியோடு மறந்திருந்தேன். அவர்கள் மறக்கவில்லை. பணம் வாங்கிய நாள் முதலாகவே அந்தக் கணக்கு எழுதப்பட்டு வந்திருக்கிறது. நன்றியாக எழுதப்பட்டு வந்திருக்கிறது. என் ஒரு வாக்கியம் அதைக் கடன் பத்திரமாக மாற்றிவிட்டது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இப்போது என்ன இருக்கிறது? கொடுத்த பணம் ஒரு ரூபாய் குறையாமல் திரும்பி வந்துவிட்டது. கொடுத்தேன் என்பதும் இல்லாமல் போயிற்று. அந்த வசனத்தை எத்தனையோ கத்தங்களில் ஓதிக் கடந்திருக்கிறேன். அன்றுதான் 'ஸல்தன்' என்ற சொல்லில் நாக்கு நின்றது.

அடுத்து வரும் 265ஆம் வசனத்தையும் சேர்த்து ஓதினால் மனம் சற்று ஆறும். அங்கே மேட்டு நிலத்தில் ஒரு தோட்டம். அதே 'வாபில்' அங்கும் பொழிகிறது. அச்சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாறையிலிருந்து மண்ணைக் கழுவிச் சென்ற அந்த மழையால் தோட்டம் இருமடங்கு விளைச்சலைத் தருகிறது. பெருமழை இல்லாவிட்டாலும் 'தல்லு' என்னும் மெல்லிய தூறலே அதற்குப் போதுமாம். அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடிக் கொடுப்போருக்கான உவமை அது. தோட்டத்துக்கும் பாறைக்கும் மேற்பரப்பில் மண் உண்டு; முதல் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. வேர் இறங்க எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

துணிப்பையை எடுத்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனேன். மஃரிப் முடிந்திருந்த நேரம். பேச வேண்டியதையெல்லாம் வழியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். முற்றத்தில் கால் வைத்ததும் ஒன்றும் வரவில்லை. பையை அவர்கள் முன் வைத்தேன். லாத்தா அதைத் தொடவில்லை.

"அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு தம்பி. அதை நீயே வச்சுக்க" என்றார்கள்.

"லாத்தா, நான் வாய் தவறி..."

"பிள்ளை அன்னைக்கு வீட்டுக்கு வந்து மறுபடி சோறு கேட்டுச்சு. பசியோட வந்திருக்கு. அது மட்டுந்தான் எனக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேநீர் போட உள்ளே சென்றார்கள்.

லாத்தா இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக. மருமகனிடம் அனுமதி கேட்டே இதை எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றான். அவன் மறக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அந்தத் தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது. 11,400 ரூபாயை என்ன செய்தேன் என்பதை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை.